பெட்டி முன்னால் போன புதன்கிழமை

பக்கத்து வீட்டுக்காரரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மனம் இளகும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், என் கணவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். அதற்கு முன் அவர் கடற்கரைச் சாலையில் தெற்கே இருந்த ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் இருந்தார். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பாதையில், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஒரு நகரில் வீடு கட்டியிருந்தோம். மகனுக்கு ஐந்து வயது. மகளுக்கு எட்டு மாதம், உட்காரப் பழகியிருந்தாள். "ஆகஸ்ட்ல ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள நீங்க மூணு பேரும் வந்துடணும்" என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறினார். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

நான் பதினைந்து வயதிலிருந்து டைரி எழுதுகிறவள். அந்த ஆண்டு டைரியின் கடைசிப் பக்கங்களில் செய்ய வேண்டியவற்றை எழுதி, முடிந்ததை மட்டும் அடித்துவந்தேன். கல்யாணத்தைப் பதிவு செய்யவேண்டும், ஏழு வருடமாகச் செய்யவில்லை. பதிவு செய்த சான்றிதழில் அரசாங்க முத்திரைகள் வாங்க வேண்டும். மகனுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ். இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி அட்டை. கேஸ் இணைப்பை ஒப்படைப்பது. ஸ்கூட்டர். மூவருக்கும் பாஸ்போர்ட். இதில் என்னை அதிகம் அலைய வைத்தது மகளின் பிறப்புச் சான்றிதழ். அவள் செங்கல்பட்டில் பிறந்தவள். பிறந்த வாரமே பதிவு செய்துவிட்டோம், பெயர் வைத்தது மூன்றாம் மாதம். அதனால் சான்றிதழில் பாலினம், தேதி, அப்பா, அம்மா எல்லாம் இருந்தன, பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தக் கோட்டின் மேல் பெயர் ஏற்ற நான் ஆறு முறை செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

போகும்போதெல்லாம் மகளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுப் போவேன். அந்த அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் முதன்முதலாக நின்றது அவர் வீட்டு ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துத்தான். வந்ததும் அதை எனக்கு நடித்துக் காட்டினார், தானே குழந்தை போல முழங்காலை மடக்கி.

அவர் கணவர் ஓய்வுபெற்ற அதிகாரி. நகர் நலச் சங்கத்தின் செயலாளர். காலை ஆறு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். தெருவில் எந்த வண்டி வந்தது, யார் வீட்டில் யார் இறங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு காலி மனை உண்டு. அதில் ஒரு கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் வேறு எங்கும் இல்லை. நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் எங்கள் கிணற்றிலிருந்தே குழாய் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். ஆனி மாதத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏம்மா, நீங்கதான் குடும்பத்தோட போறீங்களே. அந்த மனை சும்மாதானே கிடக்கப்போகுது. எனக்கே குடுத்துடுங்களேன்."

"விக்கிற எண்ணம் இல்ல சார். திரும்பி வரத்தானே போறோம்."

"போனவங்க யார் வந்திருக்காங்க?" என்றார். பிறகு, "உன் வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டுச் சொல்லு" என்றார். அதுவரை என்னை 'நீங்கள்' என்று சொன்னவர், அந்த வாக்கியத்தில் 'நீ'க்கு இறங்கினார். டைரியில் அதையும் எழுதினேன். அப்போது அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் கடற்கரைக் கோயில் தெருவில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து கணவரிடம் பேசுவேன். வெளிநாட்டுப் பயணிகளுக்காக வைத்த பூத், கண்ணாடிக் கதவு சாத்திக்கொள்ளும். "விக்க வேண்டாம். மரியாதையா சொல்லிடு" என்றார். மரியாதையாகச் சொன்னேன்.

அடுத்து ஆடி வந்தது. எங்கள் டிக்கெட் ஆடிக் கடைசியில். செங்கல்பட்டிலிருந்த என் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. ஆடியில் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது, அதுவும் கைக்குழந்தையோடு கடல் தாண்டக் கூடாது என்றாள். டிக்கெட்டை மாற்ற முடியாது என்றேன். அப்படியானால் பரஸ்தானம் வைத்துவிடு என்றாள். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், கொண்டுபோகும் பெட்டியை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அந்த நேரத்திலேயே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் ஏறினாலும் தோஷம் இல்லை. பெட்டியை மட்டும் நடுவில் திறக்கக் கூடாது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை, அம்மாவின் மன நிம்மதிக்காக ஒப்புக்கொண்டேன். ஆனி மாதக் கடைசிப் புதன்கிழமை என்று முடிவானது.

அன்று காலை இரண்டு பெரிய பெட்டிகளை வாசலுக்கு இழுத்துவந்தேன். ஒன்றில் பிள்ளைகளின் துணி. மகளுக்கு மஸ்கட் வெயிலுக்கென்று அம்மா தைத்துக் கொடுத்த பருத்திக் கவுன்கள் ஒன்பதும் அதில். அம்மா அனுப்பிய ஆட்டோ வந்து நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"பரஸ்தானமா?"

"ஆமா சார். அம்மா வீட்டுக்கு."

"நல்ல காரியம். ராகு காலம் பன்னெண்டுக்குத்தான், ஆனா பத்தேகாலோட நல்ல நேரம் முடிஞ்சிடும். பத்து மணிக்குள்ள ஏத்திடு" என்று உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, பார்த்துச் சொன்னார். ஒரு பெட்டிக்குக் கையும் கொடுத்தார். இந்த இடம் முக்கியம். இரண்டு பெட்டிகள் மட்டும்தான் போகின்றன, நானும் பிள்ளைகளும் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். ஏன் போகின்றன என்றும் தெரியும். நேரம் பார்த்துச் சொன்னவரே அவர்தான்.

மறு செவ்வாய்க்கிழமை நான் செங்கல்பட்டு நகராட்சி அலுவலகத்தில் இருந்தேன், ஆறாவது முறை. பிள்ளைகள் இருவரையும் அன்று கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அம்மா பார்க்கவேண்டும் என்றதால். மகளின் பெயர் ஏறிய சான்றிதழ் கைக்கு வந்த சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டு எதிரில் மகனுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் நான்கரைக்கு வீடு திரும்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். "முடிஞ்சுது சார்" என்றேன். அவ்வளவுதான்.

ஆடி பாதி ஓடிவிட்டது, பங்குனியிலேயே விண்ணப்பம் போட்டிருந்த என் பாஸ்போர்ட் வரவில்லை. சென்னைக்குப் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "போலீஸ் ரிப்போர்ட் உங்களுக்கு எதிரா வந்திருக்கு. அந்த முகவரியில நீங்க இல்லைன்னு இருக்கு" என்றார்.

"நான் அங்கதாங்க இருக்கேன். இன்னிக்கு காலைல கூட அங்கிருந்துதான் வரேன்."

"அத அங்க போய் சொல்லுங்க. மறுபடி விண்ணப்பம் போட்டு, மறுபடி விசாரணை வரணும். நெக்ஸ்ட்."

மறுநாள் காவல் நிலையம். வெராந்தாவில் ஒன்றரை மணி நேரம். மகள் என் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டு தூங்கிவிட்டாள். விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் வயதானவர், கெட்ட மனிதர் இல்லை. என்னைப் பார்த்ததும் அவருக்கே குழப்பம்.

"இன்னாம்மா, நீ இங்கியா கீற? செவ்வாக்கெழம வந்தேன், வூடு பூட்டி இருந்துச்சே."

"அன்னிக்கு ஒருநாள் செங்கல்பட்டு போயிருந்தேங்க. பக்கத்துல கேட்டிருக்கலாமே."

"கேக்காமயா? பக்கத்து வூட்டு சார் நாற்காலி போட்டுகினு ஒக்காந்து இருந்தாரு. பெரிய மனுசன், சங்கத்து செகரட்டரி. போன புதன்கெழமயே பொட்டியெல்லாம் ஆட்டோல போய்ட்ச்சு, நான்தான் ஏத்தி உட்டேன்னாரு. கையெழுத்தும் போட்டுக் குட்த்தாரு. இன்னும் இன்னா சாட்சி வேணும்?"

யோசித்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பெட்டிகள் போனது உண்மை, ஏற்றிவிட்டதும் உண்மை.

"அவுரு உங்களுக்கு எதுனா சண்டையா?" என்று கான்ஸ்டபிள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இல்லங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருக்கலாம். வாசலில் நின்று நாலு பேர் கேட்கும்படிக் கத்தியிருக்கலாம். என் அக்காவாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். நான் டைரியை எடுத்து, கான்ஸ்டபிள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வழக்கம் போலப் பக்கத்து வீட்டு வாசலைக் கடந்து பால் வாங்கப் போனேன். "பாஸ்போர்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார். "கொஞ்சம் தாமதமாகுது சார்" என்றேன். "கவர்மெண்ட் வேலை அப்படித்தான்" என்றார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு கூச்சமும் இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடி மனையைக் கேட்டார். "காரியம் ஆகணும்னா நாலு பேர் தயவு வேணும்மா. மறுபடி விசாரணை வந்தா நான் சொல்லிக்கறேன்." அப்போதுதான் முழுவதும் விளங்கியது. விளங்கிய பிறகும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

டிக்கெட் போனது. குடும்ப விசாவுக்குக் காலக்கெடு முடிந்து, அதைப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. மஸ்கட் பள்ளியில் மகனுக்கு வைத்திருந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டதால் பழைய பள்ளியிலும் சேர்க்கவில்லை. அவன் ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளை எண்ணினான். மறு விசாரணை ஐப்பசியில் வந்தது. கான்ஸ்டபிள் வரும்வரை பதினேழு நாள் நான் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. காய்கறிக்குக் கூடத் தெருமுனை தாண்டவில்லை. பாஸ்போர்ட் கார்த்திகையில் வந்தது. ஒரு தை மாதத்தில் போன என் கணவரை அடுத்த தை மாதத்தில்தான் பார்க்கப்போகிறோம் என்று ஆயிற்று.

அந்த மார்கழியில்தான் நான் ஒரு சிற்பியைத் தேடிப் போனேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு எங்கள் தெருமுனையில் ஒருவர் கல் பட்டறை போட முயன்றபோது, சத்தமும் தூசும் ஆகாது என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித் தடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அவருக்குச் சத்தம் ஆகாது. மத்தியானம் ஊஞ்சல் கிரீச்சிட்டால் கூட எண்ணெய் விடச் சொல்வார். சங்கத்தின் விதிகளை எடுத்துப் படித்தேன். நகர் வரைபடத்துக்குள் இருக்கும் மனைகளில்தான் பட்டறை கூடாது. எங்கள் கிணற்று மனையை நாங்கள் ஒரு விவசாயியிடமிருந்து தனிப் பட்டாவாக வாங்கியிருந்தோம். அது வரைபடத்திலேயே இல்லை.

ஐந்து பட்டறைகளைப் பார்த்துவிட்டு, பெரிய சிலைகள் செய்கிறவராக ஒருவரைப் பிடித்தேன். இடம் போதாமல் சாலை ஓரத்தில் கற்களை அடுக்கியிருந்தார். மனையைப் பார்க்க வந்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார்.

"தண்ணி சோக்கா கீதும்மா. ஆனா முன்னாடியே சொல்லிட்றேன். கல்லு அறுக்கற மெசினு ஓடும். காதுல பஞ்சு வெச்சாலும் கேக்கும். அப்பாலிக்கா பக்கத்துல யார்னா பேஜாரு பண்ணா நான் பொறுப்பில்ல."

"ஓடட்டும். காலைல எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

"வெயிலு ஏர்றதுக்குள்ள. ஆறு, ஆறரைக்கு."

"ஆறுக்கே ஆரம்பிக்கலாம். மெஷினை எங்க வைப்பீங்க?"

"ரோட்டாண்ட. லோடு ஏத்த சுளுவா இருக்கும்."

"அங்க வெயில் அடிக்கும். மேற்கு மதில் ஓரமா வைங்க. மரம் இருக்கு."

அவர் மேற்கு மதிலைப் பார்த்தார். அதற்கு அப்பால் ஓர் ஆள் தூரத்தில் இருந்த பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் சத்தம் போடாதன்றாங்க. நீ போடுன்ற. அந்த வூட்டுக்காரன் இன்னாம்மா பண்ணான் உன்ன?"

"கிணத்துல ஒரு குழாய் போகுது பாருங்க, அதைக் கழட்டிடலாம். கல்லுக்குத் தண்ணி நிறைய வேணுமில்ல" என்றேன்.

அவர் சிரித்தார், மேலே கேட்கவில்லை. பதினொரு வருட ஒப்பந்தம். அவர் மூன்று வருடம்தான் கேட்டார்.

தை மாதம் கிளம்பினோம். அம்மா வீட்டில் அந்த இரண்டு பெட்டிகளும் ஆனியில் வைத்த இடத்திலேயே, திறக்காமல், மேலே தூசு படிந்து இருந்தன. திறக்கக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு போனோம். மஸ்கட் விமான நிலையத்தில் என் கணவர் கை நீட்டினார். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யாரு? யாரு?" என்று கேட்டு அழுதாள். அவர் நீட்டிய கையை மடக்கிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து மகளைக் குளிப்பாட்டி மாற்ற ஒரு கவுன் எடுத்தேன். தலை நுழையவில்லை. அடுத்ததை எடுத்தேன். ஒன்பதையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று கூட அவள் போட்டுப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அதுவரை நான் விவரமாகச் சொல்லியிருக்கவில்லை, அன்றுதான் சொன்னேன். பட்டறையைப் பற்றியும் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மஸ்கட்டுக்கு நான்கு கடிதங்கள் எழுதினார். முதல் கடிதத்தில் நகரின் அமைதியைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டாவதில் சட்டம். மூன்றாவதில் தன் ரத்த அழுத்தம். நான்காவதில், உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு உறையில் வைத்தேன். நான்காவதை இரண்டு முறை படித்தேன்.

மூன்றாம் வருடம் விடுமுறைக்கு வந்தோம். காலை ஆறு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. எனக்கு அது இடைஞ்சலாகவே இல்லை, நன்றாகத் தூங்கினேன். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். தோள் இறங்கியிருந்தது. பட்டறைத் தூசி அவர் வாசல் குரோட்டன்ஸ் இலைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது, அந்த நாற்காலியிலும்.

"பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. குழந்தை பொறந்து பதினெட்டு நாள் ஆகுது. தூங்க மாட்டேங்குது. ஒரு ரெண்டு மாசம் நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்றார். மறுபடி 'நீங்கள்' ஆகியிருந்தேன்.

"போலீஸ்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே சார், நாங்க இங்க இல்லன்னு. அதைக் கேட்டுட்டு வந்துதான் இந்தப் பட்டறையை வச்சேன்" என்றேன்.

அவருக்கு நினைவிருக்காது, மறுப்பார், அல்லது வருந்துவார் என்று மூன்று வருடமாக விதவிதமாக நினைத்து வைத்திருந்தேன். அவர் மெஷின் பக்கம் திரும்பினார்.

"அந்த மனையை நீ குடுத்திருந்தா இது எதுவும் நடந்திருக்காது" என்றார். போய்விட்டார்.

மத்தியானம் அந்த அம்மா வந்தார். மகள் வளர்ந்துவிட்டதைப் பார்த்துக் கன்னத்தைத் தடவினார். மகளுக்கு அவரை ஞாபகமில்லை. கணவர் போட்ட கையெழுத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, தெரியுமா தெரியாதா என்று நானும் கேட்கவில்லை. "பச்சப் புள்ளம்மா. நாள் பூரா வேண்டாம். ஒரு ரெண்டு மணி நேரம் அசந்தா போதும். நீ சொன்னா கேப்பாங்க" என்றார்.

"சொல்றேங்கம்மா. மதியம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் சத்தமே வராது. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒன்றிலிருந்து மூன்று வரை பட்டறையில் சாப்பாட்டு நேரம். மெஷினை நிறுத்தி, சாப்பிட்டு, கொட்டகை நிழலில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். மூன்று வருடமாக அப்படித்தான். அந்த வீட்டில் அதுவரை அதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான் சிற்பியிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. மறுநாள் அந்த அம்மா நன்றிக்கென்று ஒரு தூக்கில் பால் பாயசம் கொடுத்தனுப்பினார். கொஞ்சம் உப்புக் கரித்தது. பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். நான் முழுவதும் குடித்தேன்.